தடை போட்ட கார்டுகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்: பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயலவை உறுப்பினர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆண்டுக் கூட்டத்தில் என்னோடு சேர்ந்து கை தூக்கிய பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் அம்மா. "சீட்டு எந்த வகையாக இருந்தாலும் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது" என்ற தீர்மானம் வந்தபோது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யோசிக்காமல் கை தூக்கினேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று தன்னிடம் இருந்த மினுமினுக்கும் போக்கிமான் கார்டை (கற்பனை உயிரினங்களின் படம் போட்ட விளையாட்டுச் சீட்டு)ப் பெரிய பையன் ஒருவனிடம் ஏமாந்து கொடுத்துவிட்டு அழுதது, அன்று இரவே இரண்டு குடும்பமும் புலன (வாட்ஸ்அப்) குழுவில் சண்டை போட்டது. அந்தக் கார்டுகளை வைத்துப் பிள்ளைகள் என்னதான் விளையாடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கூட்டத்தில் வேறு யாரும் கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமை, ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கோலாலம்பூர் செத்தாபாக்கில் கடைவரிசை ஒன்றின் முதல் மாடியில் இருக்கும் கார்டு கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அங்கே கண்டதைச் சொல்லி, நம் தீர்மானத்தில் ஒரு பாதியை மாற்றும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் நம் பயத்தைப் பற்றி. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் அப்பா கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சம்பள நாள் இரவு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குப் பின்னால் விளக்கு வைத்துச் சீட்டாடுவார்கள். பாட்டி கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் இருட்டில் நிற்பாராம், மளிகைக் கடைப் பாக்கிக்காவது மிஞ்சுமா என்று. பல மாதம் மிஞ்சவில்லை. அதனால்தான் எங்கள் வீட்டில் இன்றைக்கும், தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடினாலும், சீட்டுக்கட்டை எடுக்க விட மாட்டோம். நம் பள்ளியில் பாதிக் குடும்பங்களுக்காவது இப்படி ஒரு தாத்தா இருப்பார். "சீட்டு" என்ற சொல் காதில் விழுந்த உடனே அந்த இருட்டில் நின்ற பாட்டிதான் என் கண்ணுக்குத் தெரிந்தார். கை தானாகத் தூக்கியது.

தடை வந்த வாரம் மகன் என்னிடம் கேட்டான்: "பள்ளியில் வேண்டாம் சரி, கடையில் விளையாடலாமாம்மா? அங்கே பெரியவங்கல்லாம் இருக்காங்க." பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றதும் எனக்கு இன்னும் பயம் கூடியது. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை, மேலே இது. நீளமான மேசைகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு ஏர்கான். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிக்குள் விலை ஒட்டிய கார்டுகள். ஒரு முப்பது பேர் இருக்கலாம். சீனப் பையன்கள், மலாய்ப் பையன்கள், மகளோடு வந்த மலாய் அப்பா ஒருவர், பக்கத்தில் படிக்கும் பல்கலைக்கழக மாணவர்கள், இந்தியர்கள் மூன்று பேர். பெண்கள் என்னையும் சேர்த்து நான்கு. யாரும் கத்தவில்லை. யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்த முதல் கால் மணி நேரம் எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது. எல்லோருக்கும் ஏதோ ஒரு மொழி தெரிகிறது, எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை என்பது போல. மகன் தன் கார்டுகளை ரப்பர் பேண்டு போட்டுப் பிடித்துக்கொண்டு என் முழங்கைக்குப் பின்னால் நின்றான்.

அப்போது ஒரு மாணவி தன் ஆட்டத்தை முடித்துவிட்டு எழுந்து வந்தார். "ஆன்ட்டி, அவனுக்கு ஆட வேண்டுமா? நான் சும்மாதான் இருக்கிறேன்" என்றார். என் மகனுடைய கார்டுகளைத் தொடுவதற்கு முன்னால் அவர் அவனிடம் மலாயில் "போலே தெங்கோக்?" (பார்க்கலாமா?) என்று கேட்டார். பதினோரு வயதுப் பையனிடம், அவன் பொருளைப் பார்க்கலாமா என்று ஒரு பெரியவர் அனுமதி கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு கவனித்தேன், அங்கே எல்லோருமே அப்படித்தான். கேட்காமல் யாரும் யாருடைய கார்டிலும் கை வைப்பதில்லை. நம் பள்ளியில் நடந்த சண்டை எதனால் வந்ததோ, அதற்கு மருந்து அந்தக் கடையில் வழக்கமாகவே இருக்கிறது.

மகனுடைய கார்டுகள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியவை. பாதிக்கு மேல் போலி. கடைக்காரர் (எல்லோரும் அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்) அதை மற்றவர்கள் முன்னால் சொல்லவில்லை. அவனை ஓரமாகக் கூப்பிட்டு, அசல் ஒன்றையும் போலி ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அசலின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும் என்று காட்டினார். அப்புறம் ஒரு பெரிய பெட்டியைத் திறந்துவிட்டு, "இதில் தேடி எடு, காசு வேண்டாம்" என்றார். அந்தப் பெட்டியில் ஆயிரக்கணக்கான சாதாரணக் கார்டுகள். அவை அங்கே எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இப்போது விளையாட்டு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் எதைத் தடுத்தோம் என்பதே இதில்தான் இருக்கிறது.

ஆளுக்கு 60 கார்டு. அதை டெக் என்கிறார்கள். போக்கிமான் தாக்குவதற்குச் சக்தி தரும் அடிப்படைச் சக்திக் கார்டைத் தவிர, ஒரே பெயருள்ள கார்டு நான்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் விலை உயர்ந்த கார்டு பத்து வைத்திருப்பவர் பத்தையும் இறக்கிவிட முடியாது. தொடங்கும்போது 7 கார்டு கையில். 6 கார்டு கவிழ்த்து ஓரத்தில். அதற்குப் பெயர் பரிசுக் கார்டு. எதிராளி இறக்கிய போக்கிமான் ஒன்றை, அதாவது கார்டில் இருக்கும் உயிரினத்தை, வீழ்த்தினால் பொதுவாக ஒரு பரிசுக் கார்டை எடுத்துக்கொள்ளலாம், ஆறையும் முதலில் எடுப்பவருக்கு வெற்றி.

"பரிசு" என்றதும் எனக்குத் திக்கென்றது. யாருடைய கார்டை யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டேன். அங்கே ஆடும் தமிழ்த் தம்பி ஒருவர், செந்தூலில் கணினி பழுதுபார்ப்பவர், சிரிக்காமல் பொறுமையாகச் சொன்னார்: "இல்லக்கா. அந்த ஆறும் அவங்கவங்க டெக்குல இருந்து எடுத்து வைக்கிறதுதான். ஜெயிச்சவன் தன் கார்டைத்தான் எடுக்கிறான். ஆட்டம் முடிஞ்சா ரெண்டு பேரும் கொண்டுவந்த 60ஐ எண்ணிப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க." நான் பல ஆட்டங்களில் எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். மேசைக்கு வந்த கார்டு அதே கையோடுதான் வீட்டுக்குப் போகிறது.

அவரே இன்னொன்றும் சொன்னார், அதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது 1993இல் வந்த மேஜிக். அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் ஒரு கணிதவியலாளர். அதன் முதல் விதிகளில் பந்தயம் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு கார்டைப் பணயம் வைப்பார்கள், ஜெயித்தவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே அதைக் கைவிட்டார்கள், போட்டிகளில் அதற்கு இடமில்லாமல் செய்தார்கள். 1996இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கார்டு விளையாட்டில் அந்தப் பணயமே இல்லை. நம் சங்கம் கவலைப்பட்ட அதே விஷயத்தைப் பற்றி அந்த விளையாட்டுக்காரர்கள் நமக்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்கு மனசு லேசானது.

ஆட்டத்துக்கு வருகிறேன். நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்ப்பவள். எண்கள் எனக்குப் பழக்கம். இரண்டாவது சனிக்கிழமை வீடு திரும்பும்போது எல்ஆர்டி ரயிலில் மகன் கேட்டான்: "ஒரு கார்டு நாலு வச்சிருந்தா, முதல் ஏழுலயே அதுல ஒண்ணாவது கிடைக்க எவ்வளவு சான்ஸ்?" திங்கள்கிழமை மதிய உணவு நேரத்தில் அலுவலகக் கணினியில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 40. அதே கார்டு டெக்கில் ஒன்றே ஒன்றுதான் என்றால், அது பரிசுக் கார்டுகளுக்குள் போய் மாட்டிக்கொள்ள 60இல் 6, அதாவது பத்தில் ஒன்று. இதை அவனே கணக்குப் போட்டுவிட்டான். போன வருடம் பின்னக் கணக்கைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பியவன்.

நன்றாக ஆடுகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் என்னை அசரவைத்தது. ஆட்டத்தில் டெக்கை முதல் முறை புரட்டித் தேட வாய்ப்புக் கிடைக்கும்போது, தேடுகிற கார்டை மட்டும் தேட மாட்டார்கள். டெக்கிலும் கையிலும் இல்லாதவை எவை என்று மனத்துக்குள் எண்ணி, கவிழ்த்து வைத்த அந்த ஆறும் என்னென்ன என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அரை நிமிடம்தான் ஆகும். மலாய் அப்பாவோடு வந்த சிறுமி, ஒன்பது வயது இருக்கும், உதட்டை மட்டும் அசைத்து எண்ணிக்கொண்டே அதைச் செய்தாள். அவள் அப்பாவுக்கு அது வரவில்லை. "இவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்" என்று மலாயில் என்னிடம் சொன்னார். அவருடைய முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நம் பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பார்த்திருக்கிறேன்.

ஆங்கிலக் கதைப் புத்தகம் என்றால் ஓடுகிற என் மகன், கார்டில் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கில வாக்கியங்களை வரி விடாமல் படிக்கிறான். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஆட்டமே போய்விடும் அல்லவா? தன் சித்தி மகனுக்கு அதை அப்படியே தமிழில் சொல்லிக்கொடுக்கிறான். "உன் ஆளு தூங்கிட்டான், காசைச் சுண்டு, தலை விழுந்தா முழிச்சுக்குவான்." "நஞ்சு ஏறியிருக்கு, பத்து குறை." "120 அடி, உனக்கு நெருப்புன்னா பலவீனம், அப்போ ரெண்டு மடங்கு, 240." தமிழ்ப்பள்ளியில் இதற்கு இடமில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு முறை அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

அப்புறம் தோல்வி. நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகள் பலவற்றில் முதல் சுற்றில் தோற்ற பிள்ளை அன்று முழுவதும் வெயிலில் உட்கார்ந்திருக்கும். கார்டு போட்டியில் தோற்றவர் வெளியே போவதில்லை. ஜெயித்தவர் ஜெயித்தவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் அடுத்த சுற்றில் மோதுகிறார்கள். சதுரங்கத்தில் 1895இல் சூரிக் நகரில் தொடங்கிய சுவிஸ் முறை இது. என் மகன் நான்கு சுற்றிலும் தோற்ற ஒரு சனிக்கிழமை உண்டு. நான்கு பேரோடு ஆடினான், நான்கு பேரும் ஆட்டம் முடிந்ததும் கை கொடுத்தார்கள், அதில் இரண்டு பேர் கார்டுகளை மறுபடி விரித்து வைத்து, எந்த இடத்தில் தவறினான் என்று காட்டினார்கள். தன்னைத் தோற்கடித்தவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அவனுக்குப் புதிது. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை இரவுப் போட்டி பெரியவர்களுக்கு. மக்ரிப் தொழுகை முடிந்து மலாய் நண்பர்கள் வந்து சேரட்டும் என்று எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறார்கள். அதைப் பற்றி அறிவிப்பு எதுவும் ஒட்டவில்லை, யாரும் பேசவும் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு வந்த அந்தத் தமிழ்த் தம்பியும் தலையில் சொங்கோக் தொப்பியோடு வந்த இன்னொருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் டெக்கை ஒருவர் வெட்டிக்கொடுத்தார்கள். அதில் 15 வெள்ளி (ரிங்கிட்) நுழைவுக் கட்டணம் உண்டு, ஜெயித்தவர்களுக்குக் கார்டு பாக்கெட் பரிசு. சதுரங்கப் போட்டிக்கும் கேரம் போட்டிக்கும் நாம் கட்டணம் கட்டிக் கோப்பை வாங்குகிறோம், அது போலத்தான் என்று எனக்குப் படுகிறது. ஆனாலும் சிறுவர்களுக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. கடைக்காரரும் அப்படியே நினைப்பதாகத் தெரிகிறது. சனிக்கிழமைச் சிறுவர் ஆட்டத்துக்குக் கட்டணமும் இல்லை, பரிசும் இல்லை.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன். நான் கவலைப்படும் இடமும் இதுதான்.

மேசைகளில் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம். கல்லாப்பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்கள் வேறு. ஒரு நாள் பதினைந்து வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் ஒரு மணி நேரத்துக்குள் 9 பாக்கெட் வாங்கிப் பிரித்தான். ஒரு பாக்கெட்டில் 10 கார்டு, அன்றைய விலை 18 வெள்ளி. மொத்தம் 162 வெள்ளி. கடைசிக் கார்டை மட்டும் பார்ப்பான், முகம் சுருங்கும், அடுத்ததற்குக் கை போகும். என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசைக் கொடுத்து, கிடைக்காததால் மறுபடி கொடுப்பது. லயத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கை நான் அங்கே பார்த்தேன். ஒன்பதாவது பாக்கெட்டுக்குப் பிறகு மற்ற கார்டுகளையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போனான், ஒரு ஆட்டம்கூட ஆடாமல். கடைக்காரர் அவற்றைக் கூட்டி அள்ளி அந்தப் பெட்டியில் போட்டார். என் மகனுடைய டெக்கில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

ஒரே கார்டை வைத்து இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று பாக்கெட்டைப் பிரிப்பது, கார்டின் விலையைத் துரத்துவது, சின்னப் பிள்ளையை ஏமாற்றி மாற்றிக்கொள்வது. மற்றொன்று ஆடுவது. நம் பள்ளியில் நடந்த தகராறு முழுக்க முதல் வகை. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டின் விதியே தெரியாது என்று மகன் சொல்கிறான். நாம் தடுத்ததோ இரண்டையும். 1999இல் அமெரிக்காவிலும் பல பள்ளிகள் இதே காரணங்களுக்காகப் போக்கிமான் கார்டுகளைத் தடை செய்தன. பிள்ளைகள் கார்டு வாங்குவதை அது நிறுத்திவிடவில்லை. நம் பிள்ளைகளும் இப்போது பள்ளிப் பேருந்துக்குள்ளும் கழிப்பறைக்குப் பின்னாலும் மாற்றிக்கொள்கிறார்கள். அங்கே "பார்க்கலாமா" என்று கேட்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். பிள்ளைகள் சொந்தக் கார்டைப் பள்ளிக்குக் கொண்டுவருவதும், விற்பதும், மாற்றிக்கொள்வதும், பாக்கெட் பிரிப்பதும் தடையாகவே இருக்கட்டும். அந்தப் பாதிக்கு இப்போதும் இரண்டு கையையும் தூக்குவேன். ஆனால் புறப்பாட நடவடிக்கை நாளில், சதுரங்கம் நடக்கும் அறையிலேயே, இரண்டு மேசை இதற்குக் கொடுங்கள். எட்டு டெக்குகளைப் பள்ளிச் சொத்தாக அலமாரியில் பூட்டி வைக்கலாம், சதுரங்கக் காய்களை வைப்பது போல. ஆடும்போது எடுப்பார்கள், 60 எண்ணித் திருப்பி வைப்பார்கள். யாருக்கும் சொந்தமில்லாத கார்டில் பொறாமைக்கு வேலையில்லை, பணக்காரப் பிள்ளை ஏழைப் பிள்ளை என்ற பேச்சும் வராது. கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன், அந்தப் பெட்டியிலிருந்து எட்டு டெக்குக்கும் வேண்டியதை இலவசமாகவே தருவதாகச் சொன்னார். கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறைகளை நான் வாங்கித் தருகிறேன். அந்தத் தமிழ்த் தம்பி மாதம் இரண்டு முறை வந்து சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறார். பொறுப்பாசிரியர் ஒருவர் அறையில் இருந்தால் போதும், அவருக்கு விளையாட்டுத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முடிவெடுப்பதற்கு முன்னால் செயலவையிலிருந்து இரண்டு பேராவது ஒரு சனிக்கிழமை என்னோடு வாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். முதல் கால் மணி நேரம் சங்கடமாகத்தான் இருக்கும். அதற்குள் எழுந்து போய்விடாதீர்கள், யாராவது வந்து பேசுவார்கள்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். இரண்டு வாரத்துக்கு முன் என் மகன் தடையை மீறித் தன் டெக்கைப் பள்ளிக்குக் கொண்டுவந்தான். நண்பன் ஒருவனுக்குக் காட்டத்தான். கட்டொழுங்கு ஆசிரியர் அதைப் பறிமுதல் செய்தது சரியே, விதியை மீறினால் தண்டனை உண்டு என்று நானும் அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஆண்டு இறுதி வரை அது அலுவலகத்திலேயே இருக்கட்டும். ஆனால் அந்த 60இல் நான்கு கார்டு அவனுடையவை அல்ல. முதல் நாள் அவனோடு ஆட எழுந்து வந்த அந்த மாணவி, பழகிக்கொள்ள இரவல் கொடுத்தவை. அவர் இந்த மாதக் கடைசியில் படிப்பு முடித்துச் சொந்த ஊருக்குப் போகிறார். அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று பையன் இரவில் தூங்காமல் புலம்புகிறான். நான்கின் பெயரையும் அவனே எழுதியிருக்கிறான், தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். அந்த நான்கை மட்டும் தந்தால் வரும் சனிக்கிழமை அவரிடம் சேர்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் அம்மா,
கோலாலம்பூர்